தறியை நிறுத்திய ஒரு வரி

பாப்பா,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை எனக்குச் சொல்லாத ஆள் நகரியில் இல்லை. பால் ஊற்றுகிறவன் சொல்கிறான், ரேஷன் கடை வரிசையில் சொல்கிறார்கள், பெயர் தெரியாத ஒரு அம்மாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் பொண்ணு பேப்பர்ல எழுதினத படிச்சி அழுதுட்டேம்மா" என்றாள். அடுத்த வாரம் நீ பாலசமுத்திரத்துக்கும் அங்கிருந்து சந்திரகிரிப் பக்கமும் போகிறாயாம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் வீடு வீடாக உட்கார்ந்து, அவர்கள் மனசில் கிடப்பதைத் தொடராக எழுதப் போகிறாயாம். இதையும் ஊர்தான் சொல்லிற்று, நீ சொல்லவில்லை. நீ கிளம்புவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் ஓடிவிடுகிறாய். அதோடு இப்போது எங்கள் தெருவில் பகலில் போன் பேசினால் உள்ளே படுத்திருக்கிற உன் நைனாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும், அவ்வளவு நிசப்தம். பக்கத்து வீட்டு சுகுணா டீச்சர் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும், தமிழ் வராது. அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற மகள்மேல் ஒருத்திக்குப் பொறாமையா என்று நீ சிரிக்கலாம், சிரித்துக்கொள். முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எந்தப் பல்லில் கூச்சம், எந்தத் தோளில் வலி, கோபம் வந்தால் எத்தனை நாள் உப்பில்லை என்று சண்டை போடுவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். பட்டாளத்தில் இருந்தபோது மலைமேல் நடந்த அந்த ஒன்றை மட்டும் அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்து கேட்காமல் இருந்தேன், அதுவே என் பெருமை என்று வைத்திருந்தேன். உனக்கு இரண்டே வெள்ளிக்கிழமையில் சொல்லிவிட்டார். அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் என்னைத் திருச்சானூருக்கு அனுப்பியவள் நீ. "சித்தி வீட்டுக்குப் போயி, தாயார தரிசனம் பண்ணிக்கினு, சாயங்காலமா நிதானமா வாம்மா" என்று ஷேர் ஆட்டோ வரை வந்து ஏற்றிவிட்டாய். மகளுக்கு என்மேல் எவ்வளவு கரிசனம் என்று என் தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். நான் கியூவில் கால் கடுக்க நின்று உங்கள் இருவருக்கும் வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் வீட்டில், நான் மெழுகிய தரையில், நீயும் அவரும் உட்கார்ந்து எனக்கு முப்பது வருஷமாகத் திறக்காத கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தீர்கள்.

நீ அதை நன்றாகத்தான் செய்தாய் என்பது எனக்குத் தெரியும், அதுவே இன்னும் எரிச்சல். முன்பு ஒரு ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைக் கூப்பிட்டார்களே, அன்றைக்கு மைக்கை நீட்டிக்கொண்டு வந்த டி.வி. பையன், "எத்தினி பேர சுட்டீங்க சார்?" என்று பிள்ளைகள் எதிரிலேயே கேட்டான். உன் நைனா சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தட்டில் கை வைக்கவில்லை. நீ அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிறுத்தியபோது நீயும் நிறுத்தினாயாம், ரெக்கார்டரை அணைக்கச் சொன்னபோது அணைத்தாயாம், "இன்னிக்கிப் போதுமா நைனா?" என்று நீயே கேட்டாயாம். பேப்பரில் படித்தவர்களெல்லாம் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு மட்டும், இத்தனை பக்குவத்தை இவள் யாரிடம் கற்றாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே, என்னிடம் அவர் ஏன் இதில் பாதிகூடச் சொல்லவில்லை என்றே ஓடிக்கொண்டிருந்தது.

உன் தெலுங்குப் பேப்பர் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் புத்தூர் காலேஜில் ராத்திரி செக்யூரிட்டி வேலை முடித்து, ஏழு மணிக்கு வந்து, குளித்து, எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார். பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். முதல் பக்கத்திலேயே அவர் போட்டோ. என் பெட்டியிலிருந்து நீ எடுத்துப்போன போட்டோ அது. கல்யாணமான வருஷம், பின்பக்கம் இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்பியது. அதை ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? போகட்டும். நான் தெலுங்கு பேசுவேன், சண்டைகூடப் போடுவேன், ஆனால் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். திருத்தணியில் தமிழில் பத்தாவது படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் தலையணைக்கு அடியிலிருந்து பேப்பரை உருவி, முந்தானைக்குள் மறைத்து, டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய், "கொஞ்சம் படிம்மா" என்று நீட்டினேன். என் புருஷன் வாழ்க்கையை அடுத்த வீட்டுக்காரி வாயால் கேட்டேன். அவள் படிக்கப் படிக்க, புரியாத இடத்தில் நிறுத்தி எனக்கு விளக்கவும் செய்தாள். அந்த அரைமணி நேரத்தை நான் உனக்கு மன்னிப்பேனா என்று இன்னும் தெரியவில்லை.

உன் நைனா பட்டாளத்தில் லாரி ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். வரிசையாகப் போகும் லாரிகள் எது நடந்தாலும் நிற்கக்கூடாது என்ற உத்தரவு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் போன லாரி குண்டில் அடிபட்டு, அதிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் ரோட்டோரம் கிடந்து கையைத் தூக்கினார். இவரோடு ஒரே தட்டில் தின்ற சிநேகிதராம். இவர் நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்கிப் போய்விட்டார். இரண்டு வளைவு தாண்டி எல்லா லாரியையும் ஓரங்கட்டி என்ஜினை அணைக்கச் சொன்னார்கள். என்ஜின்கள் நின்றதும் மலையில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது கீழேயிருந்து அந்த மனுஷன் கூப்பிடுவது கேட்டிருக்கிறது. இருட்டும் வரைக்கும் கேட்டிருக்கிறது. திரும்பிப் போக ஒருவருக்கும் அனுமதியில்லை. டீச்சர் இந்த இடத்தில் "அய்யோ பாபம்" என்று மூக்கைச் சிந்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது எவன் கை காட்டினாலும் இவர் நிறுத்துவாரே, அது ஞாபகம் வந்தது. உன் மாமா மகன் கல்யாணத்துக்குப் புத்தூர் போகையில், பூக்கூடைக்காரி ஒருத்தி கை நீட்டினாள் என்று என்னை ரோட்டில் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போனார். நான் வெயிலில் பட்டுப்புடவையோடு நின்றேன். தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். "அவளுக்கும் உனுக்கும் இன்னா தொடர்பு" என்று ஒரு மாதம் அந்த மனுஷனைத் தூங்கவிடாமல் கேட்டேன். அதற்கும் சேர்த்து அன்றைக்கு டீச்சர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

இன்னொன்றும் அந்த நிமிஷமே எனக்குப் பிடிபட்டது. கல்யாணமான புதிதில் உன் நைனாவுக்கு இந்தத் தெருவின் மிஷின் தறிச் சத்தம் ஆகவே ஆகாது. லீவில் வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். நான் உன்னை வயிற்றில் சுமந்திருந்தபோது ஒரு லீவுக்கு வந்தார், வந்த மறுநாளே கட்டிலைத் தூக்கி மறுபக்கத்து முனிரத்தினம் வீட்டுத் தறிக்கூடத்துச் சுவரோரம் போட்டார். தறி ஓடினால் குழந்தைபோலத் தூங்குவார். கரண்ட் போய்த் தறிகள் நின்றால், எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலும் எழுந்து வந்து, அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்தயாவது பேசு" என்பார். நான் பேசுவேன். கத்திரிக்காய் சொத்தையாக இருந்ததைப் பேசுவேன், எதிர்வீட்டு மாமியார் மருமகள் வழக்கைப் பேசுவேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் நான் பார்க்காத சினிமாவுக்குக் கதை சொல்வேன். கரண்ட் வரும்வரை வாய் மூடமாட்டேன். பிறந்த வீட்டில் என்னை ஊமைச்சி என்பார்கள், தெரியுமா? உன் அத்தைகள் என்னை வாயாடி என்று சொன்னதெல்லாம் அதற்கப்புறம் வந்த பட்டம். ஏன் என்று தெரியாமலேயே முப்பது வருஷம் அவருக்காக வாயாடியாக இருந்தேன். காரணம் உன் கையில் இருந்தது, வைத்தியம் என் கையில் இருந்தது. நீ என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டும் அன்றைக்கே சேர்ந்திருக்கும்.

நீ கேட்கவில்லை. அதனால்தான் அந்த முதல் பத்தியை அப்படி எழுதினாய். "ராத்திரி வேலை முடிந்து அவர் படுக்கும் அறைக்கு அப்பால் தறிகள் அதிர்கின்றன. அந்த ஒவ்வொரு அடியும் அவருக்கு இன்றும் துப்பாக்கிச் சத்தம்." டீச்சர் இதை இரண்டு தரம் படித்து, "எம்மாம் அழகா எழுதியிருக்கு" என்றாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் பொய். மற்ற எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய நீ, இந்தப் பத்தியை மட்டும் திருப்பதி ஆபீசில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். "ஆரம்பத்துல ஒண்ணு நல்லா இருக்கணும்னாங்கம்மா" என்று பேப்பர் வந்த அன்றே போனில் சொன்னாய். சண்டையிலிருந்து வந்தவனுக்குச் சத்தம் ஆகாது என்று எங்கேயோ படித்ததை எடுத்து உன் நைனாவுக்கு மாட்டிவிட்டாய், அவ்வளவுதான்.

மறுநாள் திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? காலை எட்டரைக்கு முனிரத்தினம் தன் ஆறு தறியையும் நிறுத்தினான். அவனைப் பார்த்து எதிர்வீடு நிறுத்திற்று. ஒன்பது மணிக்குத் தெருக்கோடி வரைக்கும் ஒரு தறி ஓடவில்லை. ஒருவரும் சொல்லி ஒருவரும் செய்யவில்லை, அவரவரே பேப்பரைப் படித்துவிட்டு அவரவரே நிறுத்தியிருக்கிறார்கள். முனிரத்தினம் என் வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்தி, "இத்தினி வருஷமா அண்ணன் தலமாட்டுல துப்பாக்கி சுட்டுக்கினு இருந்திருக்கோம் அக்கா. படிச்சதுலருந்து எனுக்கு சோறு எறங்கல. இனிமே அண்ணன் எந்திரிக்கற வரைக்கும், ஒரு மணி வரைக்கும், இந்தத் தெருவுல தறி ஓடாது" என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. அரைநாள் ஓட்டம் போனால் அவன் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷர்கள் இவர்கள்.

இனி எழுதப்போவது என் தப்பு. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். முனிரத்தினம் வாசலில் நின்றபோதே "ஐயோ, அப்படி இல்லப்பா" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு எழுதினாளே, இவ்வளவு தெரிந்தவளாயிற்றே, அவளே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு குரூரம் எனக்குள் உட்கார்ந்திருந்தது. உன் வரி பொய்த்துப் போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, பாப்பா. அது மட்டுமா? தெரு நின்று போன பத்தாவது நிமிஷம் உன் நைனா எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்தயாவது பேசேன்" என்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மனசில் இருப்பதைச் சொல்ல இவருக்கு மகள் வேண்டும், வெறும் வாய்க்கு நானா என்று நினைத்துக்கொண்டு, "பேசறதுக்கு இன்னா கீது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன். தெருவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் ஒரு கண்ணும் மூடவில்லை. தெருக்காரர்கள் அன்பாகச் செய்கிறார்கள், அவர்களிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை. சொன்னால் காரணமும் சொல்லவேண்டும் இல்லையா.

வியாழக்கிழமை காலை டூட்டி முடிந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. காலேஜுக்குப் போன் போட்டால், ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள். அப்போது வந்த பயத்தில் என் பொறாமையெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பஸ் ஏறிப் புத்தூரில் இறங்கினேன். இறங்கின இடத்திலேயே இருந்தார். பஸ் ஸ்டாண்டில், ஹாரன்களுக்கும் "திருப்பதி, திருப்பதி" என்று கூவுகிற கண்டக்டர்களுக்கும் நடுவில், சிமெண்டு பெஞ்சில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று பார்த்துப்போனார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். எழுப்ப மனசு வரவில்லை. பன்னிரண்டரை மணி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை போய் முனிரத்தினத்திடம் சொன்னேன். "தறி ஓட்டுப்பா, அவருக்கு சத்தந்தான் வேணும், சத்தம் இல்லன்னாதான் தூக்கம் வரல" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "எங்க பொழப்பு போவுதேன்னு பாவம் பாத்து சொல்ற நீ. பேப்பர்லயே போட்டுக்கிதே அக்கா. அண்ணனே சொன்னதுதானே?" என்றான். வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூட நம்பவில்லை. அவர் பக்கத்தில் முப்பது வருஷம் படுத்தவள் சொல் ஏறவில்லை, இரண்டு வெள்ளிக்கிழமை வந்து ரெக்கார்டரை மூடிக்கொண்டு போனவள் சொல் ஏறுகிறது. டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். "அண்ணன் தூங்கட்டும் அக்கா" என்று எதிர்வீட்டிலிருந்து வந்து குறைத்துவிட்டுப் போனார்கள். மிக்சியைக் காலியாக ஓட்டினேன், அது மூன்றாம் தரம் புகைந்துபோயிற்று. மறுபடி பேச ஆரம்பித்தேன். ஆனால் தினமும் ஐந்து மணி நேரம் பேச எந்த வாயாலும் ஆகாது. தொண்டை கட்டிப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி, அவர் டூட்டிக்குப் போன பிறகு, உன்னிடம் போனில் கத்தினேனே, நினைவிருக்கிறதா? தறி விஷயம் சொல்லத்தான் போட்டேன். எடுத்ததும் நீ, "எத்தினி பேரு ஷேர் பண்ணிருக்காங்க பாத்தியாம்மா" என்றாய், எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அந்த மனுஷன் எனக்குச் சொல்லாததை உனக்கு எதற்குச் சொன்னார் என்று ஆரம்பித்து என்னென்னவோ கேட்டேன். நீயும் ஆத்திரத்தில், "நைனாதாம்மா சொன்னாரு. 'எழுதிக்கோ, உங்கம்மாவுக்கு தெலுங்கு படிக்க வராது'ன்னு சொல்லிதாம்மா ஒத்துக்கினாரு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நான் படிக்கமாட்டேன் என்ற தைரியத்தில்தான் அவர் வாயைத் திறந்திருக்கிறார். இரண்டு நாள் சோறு பிடிக்கவில்லை எனக்கு.

நேற்று அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தோசைக்கு, "சட்னில காரம் பத்தல, கைக்கு இன்னா கேடு உனுக்கு" என்று சத்தம் போட்டார். அப்போதுதான் உறைத்தது. வாசலைத் தாண்டினால் இப்போது எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கும்பிடுகிறார்கள், பாவம் என்கிறார்கள், வழி விடுகிறார்கள். சட்னிக்குச் சண்டை போட அவருக்கு உலகத்தில் ஒரு இடம்தான் பாக்கி. எனக்குத் தெரியாத வரைக்கும் இந்த வீட்டில் அவர் லாரியை நிறுத்தாமல் போனவர் இல்லை, வெறும் என் புருஷன். அந்த ஒரு இடத்தைக் காப்பாற்றத்தான் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இது புரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். போகவில்லை. அவரிடம் அந்த மாதிரி ஒரு இடமாக இருப்பது பெரிய விஷயம்தான், ஆனால் எனக்கு உன் இடமும் வேண்டியிருக்கிறது.

நீ பாலசமுத்திரத்தில் எந்த வீட்டு வாசலில் செருப்பை விட்டாலும், அந்த வீட்டுப் பெண்பிள்ளையைத் திருச்சானூருக்கு அனுப்பிவிடாதே. அவர் பேசும்போது அவள் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்றால் சரி, அது அவர் இஷ்டம். ஆனால் அப்புறம் அடுப்படிக்குப் போய் அவளோடு உட்கார். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதே, அது அவர் சொல்லவேண்டியது. உனக்கு என்ன ஆயிற்று என்று கேள். எந்த நேரத்தில் அவர் எழுந்து வருகிறார், அப்போது நீ என்ன செய்வாய் என்று கேள். இருபது வருஷமாக அவளை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் வீரர் என்றும் எழுதாதே, உடைந்தவர் என்றும் எழுதாதே. அடுத்த நாள் காலையில் அவர் கடைக்குப் போய்ப் பால் வாங்கவேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுது. ஆபீசில் உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாலும் அதையும் அவருக்குப் படித்துக் காட்டு. காலைப் பத்து மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று நீயே பார்த்துவிட்டு எழுது. பேப்பர் வந்த மறுவாரம் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு ஒரு தரம் போ. நீ எழுதியதால் அங்கே யார் எதை நிறுத்தினார்கள் என்று பார். இங்கே நீ வரவில்லை, பாப்பா. புத்தூர் பெஞ்சை நீ பார்த்திருக்கவேண்டும்.

இப்போது வேண்டியது ஒன்றுதான். முதல் பத்தி தப்பு என்று உன் பேப்பரே சொல்லவேண்டும், பேப்பர் சொன்னால்தான் இந்தத் தெரு தறி ஓட்டும். யார் சொல்லித் தப்பென்று தெரிந்தது என்று நீ எழுதியாகவேண்டும். அவர் மனைவி சொன்னார் என்று போட்டால், நான் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும். சட்னிக்குச் சண்டை போடுகிற இடம் போய்விடும். போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். காலையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். அவரைக் கேட்காமல் நீ போடக்கூடாது, அவரைக் கேட்கவேண்டியவள் நான். இதோ, மணி பதினொன்றுகூட ஆகவில்லை, உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது. தாளை மூடி வைத்துவிட்டுப் போகிறேன்.

மணி நாலு. சொல்லிவிட்டேன்.

தட்டை வைத்து, தண்ணீர் வைத்து, எதிரில் உட்கார்ந்து, "பேப்பர டீச்சர படிக்கச் சொல்லி கேட்டுட்டேன்" என்றேன். பிசைந்த கை நின்றது. "எப்ப?" என்றார். "வந்த அன்னிக்கே" என்றேன். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம், "பத்து நாளா தெரிஞ்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தியா? நீயா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முகம் வேறு மாதிரி போயிற்று. நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். முனிரத்தினத்தைப் பற்றி, உன் வரியைப் பற்றி, மூன்று நாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்த என் புத்தியைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். "போடச் சொல்லு. உம் பேராலயே போடச் சொல்லு. தறி ஓடட்டும்" என்றார். சோறு காய்ந்துபோயிற்று. கை கழுவவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

பிறகு, "பாப்பா கைல எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லல" என்றார். அதைச் சொன்னார். தெருவில் இன்னும் ஒரு தறி ஓடவில்லை, நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த நிசப்தத்திலேயே உட்கார்ந்து முழுசாகச் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டார். இன்னும் தூங்குகிறார். நான் குரல் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ இன்றைக்கே முனிரத்தினத்துக்குப் போன் போடு, பேப்பர்காரி சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை, அதே முதல் பக்கத்தில், முதல் பத்தி தப்பு, அவருக்குத் தறி ஓடவேண்டும், சொன்னவர் அவர் மனைவி என்று போடு. கிளம்புவதற்கு முன் ஒரு காலை வேளையில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தை உன் ஆபீசில் வேண்டுமானால் காட்டிக்கொள், அவரைக் கேட்டுவிட்டேன். வந்து உட்கார்ந்ததும் அந்த ஒன்று என்னம்மா என்று மெல்லக் கேட்பாய், கேட்பதுதான் உன் வேலை, நன்றாகவும் கேட்பாய். நான் சொல்லமாட்டேன். அது எனக்குச் சொன்னது.

உன் அம்மா